கனடா சிற்றிசன்ஷிப் சோதனை: 500 கேள்வியைப் பாடமாக்கினால் காணுமா?

ஜூன் 8, 2025 (கேள்வி)

அம்மாவுக்கு 52 வயது. ஊரில், இலங்கையில், ஓ.எல். (சாதாரண தரம்) வரை தமிழில் படித்தவ. விண்ணப்பம் போட்டாச்சு, சோதனைக்கு எப்பவும் கூப்பிடலாம். யாரோ தொகுத்த 500 கேள்வி-விடை ஒன்று கைக்கு வந்திருக்கு. அதைப் பாடமாக்கினால் காணும், கையேடு வாசிக்கத் தேவையில்லை என்கினம். உண்மையா? தமிழில் குறிப்பு எழுதிக் கொடுத்தால் உதவுமா?

ஜூன் 8, இரவு

காணாது.

சோதனையில் 20 கேள்வி, 45 நிமிடம். 15 சரிவர வேணும். தந்த விடைகளில் ஒன்றைத் தெரிவது அல்லது சரியா பிழையா என்று சொல்வது, இவ்வளவுதான் வடிவம். கேள்விகள் 'டிஸ்கவர் கனடா' என்ற அரசாங்கக் கையேட்டை வைத்துத்தான் எடுக்கப்படுகின்றன. கையேடு இலவசம். குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் பிடிஎஃப் ஆகவும் ஒலியாகவும் கிடக்கிறது.

500 கேள்வித் தொகுப்பில் என்ன பிழை என்றால், கண்ணுக்கு விடை பழகும், தலைக்குள் விஷயம் ஏறாது. '1867' என்று கண்டால் 'கொன்ஃபெடரேஷன்' (மாகாணங்கள் சேர்ந்து கனடா ஆனது) என்று கை போகும். அதையே திருப்பி, '1867ல் சேராத மாகாணம் எது' என்று கேட்டால் நின்றுவிடும். அன்று சேர்ந்தவை ஒன்ராறியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்சுவிக் என்ற நாலு. பிரின்ஸ் எட்வேட் ஐலண்டின் சார்லட்டவுனில்தான் 1864ல் முதல் மாநாடே கூடியது. ஆனாலும் அந்தத் தீவு 1873ல்தான் உள்ளே வந்தது, அதுவும் ரயில்பாதை போட்டுக் கடனில் மூழ்கிய பிறகு. இந்தக் காரணம் தெரிந்தவருக்கு 1873 மறக்காது.

தொகுப்பை எறியச் சொல்லவில்லை. கையேட்டை இரண்டு தரம் முழுதாக வாசித்த பிறகு, எங்கே ஓட்டை என்று பார்க்க அதை எடுங்கோ.

ஜூன் 9

தமிழ்க் குறிப்பு கட்டாயம் எழுதிக் கொடுங்கோ. ஆனால் தமிழை மட்டும் எழுதினால் அம்மாவுக்கு விஷயம் விளங்கும், திரையில் அந்த ஆங்கிலச் சொல்லைக் கண்டால் அடையாளம் தெரியாது. சோதனை ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் மட்டும்தான். மொழித் தகுதியாகக் கேட்பது சிஎல்பி (கனடாவின் மொழித்தர அளவுகோல்) 4 அளவில் பேசுவதும் கேட்டு விளங்குவதும். வாசிப்பு அதில் இல்லை. சோதனையோ முழுக்க வாசிப்பு. நல்லாக ஆங்கிலம் கதைக்கிறவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கோ. முதல் நிரலில் சொல், கையேட்டில் உள்ளபடி ஆங்கில எழுத்தில். அடுத்ததில் அதன் ஒலி தமிழில். மூன்றாவதில் ஒரு வரிப் பொருள். ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் வேண்டாம். ஒலிப்பதிவைப் போட்டு, விரலால் வரியைத் தொட்டுக்கொண்டு கூடவே வாசிப்பது இந்த வயதுக்காரருக்கு நல்லாகப் பிடிக்கும்.

பொருள் நிரலில் எங்கள் ஊர்ச் சொல்லையே போடலாம். கவர்னர் ஜெனரல் என்பதற்கு விளக்கம் தேடி அலைய வேண்டாம்: மகாதேசாதிபதி. 1972 மே 22 வரை இலங்கைக்கும் பிரித்தானிய முடிதான் அரச தலைமை, அதன் பிரதிநிதி மகாதேசாதிபதி. வீட்டில் அம்மம்மா இருந்தால் அவவே சொல்லித் தருவா. செனட் என்பது மூதவை. எங்களுடையதை 1971ல் ஒழித்தார்கள், இங்கே 105 பேருடன் இன்னும் இருக்கிறது. செனட்டர்களை மக்கள் தெரிவதில்லை, பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமிக்கிறார், 75 வயது வரை இருக்கலாம். பிரீமியர் என்பது முதலமைச்சர். லெப்டினன்ட் கவர்னர் என்பது மாகாணத்தில் அரசரின் பிரதிநிதி. முதலமைச்சரின் ஆலோசனைப்படி நியமிக்கப்படுகிறவர் (இது பிழை, ஜூன் 14 திருத்தத்தைப் பாருங்கோ).

ஜூன் 10

'மூன்று' என்று விடை வரும் இடங்களை ஒரே பக்கத்தில் எழுதுங்கோ. ஒன்றை இன்னொன்றோடு மாட்டிவிடுகிற கேள்வி அடிக்கடி வரும்.

பாராளுமன்றத்தின் மூன்று பகுதி: அரசர், செனட், ஹவுஸ் ஒஃப் கொமன்ஸ் (மக்கள் தெரிகிற கீழவை). அரசாங்கத்தின் மூன்று கிளை: நிறைவேற்றுத்துறை, சட்டவாக்கத்துறை, நீதித்துறை. நாட்டை நிறுவிய மூன்று மக்கள்: பூர்வகுடிகள், பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர். பூர்வகுடிகளுக்குள் மூன்று: ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், இனுவிட், மெற்றி. ஆட்சிமுறையை வர்ணிக்கும் மூன்று: சமஷ்டி அரசு, பாராளுமன்ற ஜனநாயகம், யாப்புக்குட்பட்ட முடியாட்சி. ரெரிற்றரிகளும் (மாகாணம் அல்லாத வட பிரதேசங்கள்) மூன்று: யூக்கொன், வடமேற்கு, நுனாவுட்.

பிரதமர் எந்தக் கிளை என்று கேட்டால் நிறைவேற்றுத்துறை. அவர் கொமன்ஸில் இருப்பதைப் பார்த்துவிட்டு சட்டவாக்கம் என்று போடுகிறவர்கள் கனபேர்.

ஜூன் 12

சரித்திர அதிகாரத்தை ஆண்டாண்டாகப் பாடமாக்காமல் சங்கிலியாகப் பிடிக்கச் சொல்லுங்கோ. ஒவ்வொரு ஆண்டும் அதற்கு முந்தியதன் பிரச்சினைக்குக் கிடைத்த தீர்வு.

1608ல் பிரெஞ்சுக்காரரான சாம்ப்லேன் கியூபெக்கில் கோட்டை கட்டுகிறார். 1670ல் பிரித்தானிய அரசர் ஹட்சன் பே கம்பனிக்கு வியாபார உரிமை கொடுக்கிறார். ஆக இரண்டு ஐரோப்பியர், ஒரே நாட்டில், ஒரே தோல் வியாபாரத்துக்காக. முட்டல் வராமல் இருக்காது. 1759ல் கியூபெக் நகருக்கு வெளியே ஆபிரகாம் சமவெளியில் பிரித்தானியர் வெல்கிறார்கள். வென்ற வூல்ஃப், தோற்ற மொன்ட்காம், இரண்டு தளபதிகளுமே அந்தச் சண்டையில் சாகிறார்கள். கேள்வியாக வரக்கூடிய இடம்.

வென்றாயிற்று, இனி கத்தோலிக்க, பிரெஞ்சு பேசும் சனத்தை எப்படி ஆள்வது? 1774 கியூபெக் சட்டம். மத சுதந்திரம் கொடுத்தது, கத்தோலிக்கர் அரச பதவி வகிக்கலாம் என்றது, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தைத் திரும்பத் தந்து குற்றவியல் சட்டத்தை மட்டும் பிரித்தானியருடையதாக வைத்தது. கியூபெக்கில் இன்றும் சிவில் சட்டம் வேறாக இருப்பதற்கு வேர் இது.

1776ல் அமெரிக்கா பிரிகிறது. முடியை விட்டுவிட விரும்பாத லோயலிஸ்டுகள் 40,000 பேருக்கு மேல் வடக்கே வருகிறார்கள். அவர்கள் ஆங்கிலேயர், பெரும்பாலும் புரட்டஸ்தாந்தர். கியூபெக் சட்டம் அவர்களுக்குப் பொருந்தவில்லை. அதனால் 1791ல் நாட்டை இரண்டாக வகுக்கிறார்கள்: அப்பர் கனடா, லோவர் கனடா.

இந்த இடத்தில் வரைபடத்தை விரியுங்கோ. 'அப்பர்' என்றால் மேலே, அதாவது வடக்கே என்று நினைத்து அதைக் கியூபெக் ஆக்கிவிடுவார்கள். இது சென் லோறன்ஸ் ஆற்றை வைத்துச் சொன்ன மேல், கீழ். ஆறு பெரிய ஏரிகளில் இருந்து கடலுக்கு ஓடுகிறது. ஏரிப் பக்கம் மேல், அது ஒன்ராறியோ. கடல் பக்கம் கீழ், அது கியூபெக். மேட்டுக்காணி, பள்ளக்காணி என்று சொல்வதைப்போல நினைத்தால் மாறாது.

பிறகு 1812ல் அமெரிக்கா படையெடுப்பு. 1813ல் அவர்கள் யோர்க்கை, அதாவது இன்றைய ரொறன்ரோவை எரித்தார்கள். 1814ல் பிரித்தானியர் வாஷிங்டனில் வெள்ளை மாளிகையை எரித்தார்கள். 1837-38ல் இரண்டு கனடாவிலும் கிளர்ச்சி. ஏன் என்று பார்க்க வந்த டேர்ஹம் பிரபு இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னார், மக்கள் தெரிந்த சபைக்குப் பதில்சொல்லும் அரசாங்கம் கொடுக்கச் சொன்னார். அந்த 'ரெஸ்பொன்சிபிள் கவர்ன்மென்ட்' முதலில் கிடைத்தது நோவா ஸ்கோஷியாவுக்கு, 1847-48ல். ஒன்றாக்கிய இரண்டு கனடாவும் ஒத்துப்போகாமல் இழுபட்டதுதான் 1867க்குப் போகும் வழி.

1867க்குப் பிறகு சேர்ந்தவை: 1870 மனிற்றோபாவும் வடமேற்கும், 1871 பிரிட்டிஷ் கொலம்பியா, 1873 பிரின்ஸ் எட்வேட் ஐலண்ட், 1898 யூக்கொன், 1905 அல்பேட்டாவும் சஸ்காச்சுவானும், 1949 நியூஃபவுண்ட்லாந்து, 1999 நுனாவுட். இதில் 1871ஐ 1885உடன் கட்டி வையுங்கோ. ரயில்பாதை போட்டுத் தருகிறோம் என்ற வாக்கில்தான் பிரிட்டிஷ் கொலம்பியா சேர்ந்தது. கடைசி ஆணி 1885 நவம்பர் 7ல் அடிக்கப்பட்டது. அந்தப் பாதையைப் போட்டதில் சீனத் தொழிலாளர் பங்கு பெரிது. வேலை முடிந்ததும் அவர்களுக்குக் கிடைத்தது தலைவரி (கனடாவுக்குள் வரும் சீனர் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டவேண்டிய வரி). அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2006ல்.

ஜூன் 14 (திருத்தம்)

ஜூன் 9 குறிப்பில் ஒரு பிழை விட்டிருக்கிறேன். கொப்பியில் எழுதியிருந்தால் உடனே வெட்டுங்கோ. லெப்டினன்ட் கவர்னரை நியமிப்பது மகாதேசாதிபதி, பிரதமரின் ஆலோசனைப்படி. முதலமைச்சருக்கு அதில் வேலை இல்லை. பதவிக்காலம் வழக்கமாக ஐந்து வருடம். மகாதேசாதிபதியை நியமிப்பது அரசர், அதுவும் பிரதமரின் ஆலோசனைப்படி, அவருக்கும் வழக்கமாக ஐந்து வருடம். ரெரிற்றரிகளில் லெப்டினன்ட் கவர்னர் கிடையாது, கொமிஷனர்.

மாகாண ஆளுநர் என்ற எங்கள் ஊர்ப் பழக்கமும் இங்கே காலை வாரும். அங்கே ஆளுநர் ஜனாதிபதியின் கை. இங்கே இவர் முடியின் கை.

ஜூன் 16

'கையேடு பழசு, மகாராணி என்றல்லவா இருக்கு' என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. கையேட்டில் எலிசபெத் மகாராணிதான் அரச தலைவி. அவ 2022 செப்டெம்பர் 8ல் காலமானா, இன்று அரசர் மூன்றாம் சார்ல்ஸ். ஹவுஸ் ஒஃப் கொமன்ஸில் 308 ஆசனம் என்று கையேடு சொல்கிறது. 2015ல் 338 ஆனது, 2025 ஏப்ரல் தேர்தலில் இருந்து 343. தேசிய கீதத்தில் ஒரு வரி 2018ல் மாறியது. செப்டெம்பர் 30, உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான நாள், 2021ல் வந்தது. கையேட்டில் தேடினால் கிடைக்காது.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 'கையேட்டில் / இன்று' என்று இரண்டு நிரல் போட்டு இந்த வித்தியாசங்களை எழுதுங்கோ. ஒரு பக்கம் தாண்டாது. மற்றதெல்லாம் கையேட்டின்படியே.

அதே பக்கத்தில் பெயர்கள் (2025 ஜூனில் இருந்தபடி): பிரதமர் மார்க் கார்னி, மகாதேசாதிபதி மேரி சைமன், ஒன்ராறியோ முதலமைச்சர் டக் ஃபோர்ட், ரொறன்ரோ மேயர் ஒலிவியா சௌ. உங்கள் தொகுதி எம்.பி.யின் பெயரை உங்கள் தபால் குறியீட்டைக் கொடுத்துப் பாராளுமன்றத் தளத்தில் எடுக்கலாம். சோதனைக்கு முதல்நாள் எல்லாப் பெயரையும் திரும்பப் பாருங்கோ, பதவிகள் மாறும்.

ஜூன் 19

சட்டப் பகுதி சின்னது, ஆனால் சரியான விடைபோல இருக்கும் பொறிகள் இங்கேதான் கூட. உரிமை வேறு, பொறுப்பு வேறு. வாக்களிப்பது இரண்டிலும் வரும். ஜூரியில் இருப்பது பொறுப்பு. கூப்பிட்டால் போகவேணும் என்பது சட்டம். படையில் சேர்வது கட்டாயம் இல்லை, கனடாவில் கட்டாயப் படைச்சேவை கிடையாது. 'சுற்றாடலைப் பாதுகாப்பது' பொறுப்புப் பட்டியலில் இருக்கிறது, பலர் நம்பாமல் விட்டுவிடுவார்கள். 1215 என்றால் மக்னா கார்ட்டா, இங்கிலாந்தின் பழைய உரிமைப் பட்டயம். ஹேபியஸ் கோர்ப்பஸ் என்றால் சட்டவிரோதத் தடுத்துவைப்பை எதிர்க்கும் உரிமை. எங்கள் ஆட்களுக்கு ஆட்கொணர்வு மனு என்று சொன்னால் விளக்கமே தேவையில்லை, பத்திரிகையில் எத்தனை தரம் வாசித்த சொல்.

1982ல் யாப்பு திருத்தப்பட்டபோது உரிமைகள் சாசனம் அதற்குள் வந்தது. இந்த ஆண்டை அம்மாவுக்கு வெறும் இலக்கமாகக் கொடுக்காதீர்கள். சாசனத்தின் 7ஆம் பிரிவு உயிர், சுதந்திரம், ஆளின் பாதுகாப்பு பற்றியது. அது 'ஒவ்வொருவருக்கும்' என்று தொடங்குகிறது, 'ஒவ்வொரு பிரஜைக்கும்' என்றில்லை. 1985 ஏப்ரல் 4ல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஆறு நீதிபதிகளில் மூவர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துத்தான், கனடா மண்ணில் நிற்கும் அகதி விண்ணப்பதாரருக்கும் அது பொருந்தும், அவரை நேரில் கேட்காமல் தள்ளமுடியாது என்று தீர்த்தார்கள்; மற்ற மூவரும் வேறு சட்டத்தை வைத்து அதே முடிவுக்கு வந்தார்கள். அடுத்த வருடம் ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மீட்கப்பட்டார்கள். அவர்களுக்கும் அவர்களுக்குப் பின் வந்த எங்கள் சனத்துக்கும் வாய்திறந்து தங்கள் கதையைச் சொல்ல ஒரு விசாரணை கிடைத்தது அந்தத் தீர்ப்பால். இது கையேட்டில் இல்லை, சோதனையிலும் வராது. ஆனால் சாசனம் 1982 என்பது இனி அம்மாவுக்கு மறக்காது.

வாக்குரிமை, நாட்டுக்குள் வரவும் போகவும் உரிமை, சிறுபான்மை உத்தியோக மொழியில் பிள்ளைக்குக் கல்வி: சாசனத்தில் பிரஜைக்கு மட்டும் என்று எழுதியிருப்பவை இவை.

ஜூன் 22

தேர்தல் அதிகாரம். நிலையான திகதி: முந்திய பொதுத்தேர்தலில் இருந்து நாலாவது வருடம், ஒக்டோபர் மாதம் மூன்றாவது திங்கள். பிரதமர் அதற்கு முந்தியும் கேட்கலாம். வாக்காளர் பிரஜையாகவும் 18 வயது ஆனவராகவும் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவராகவும் இருக்கவேணும்.

வாக்குச்சாவடிக்குள் நடப்பதை ஒரு கடதாசியில் செய்து காட்டுங்கோ. அடையாளம் காட்டி வாக்குச்சீட்டை வாங்குவது. தட்டிக்குப் பின்னால் போய் ஒருவரின் பெயருக்குப் பக்கத்து வட்டத்தில் ஒரு புள்ளடி. மடித்து அலுவலரிடம் கொடுப்பது. அவர் சீட்டின் இலக்கத் துண்டைக் கிழித்துவிட்டுச் சீட்டைத் திரும்பத் தருவார், பெட்டியில் போடுவது வாக்காளரே. இலக்கம் போய்விடுவதால் யாருடைய சீட்டு எது என்று ஒருவராலும் சொல்லமுடியாது. ஜனாதிபதித் தேர்தல்போல 1, 2, 3 என்று விருப்பு இலக்கம் போடும் வழக்கம் கனடா பாராளுமன்றத் தேர்தலில் இல்லை. யாருக்குப் போட்டாய் என்று வற்புறுத்திக் கேட்க எவருக்கும் உரிமையில்லை. கணவர், பிள்ளைகள், தொழிற்சங்கம் உட்பட. கையேடு இதை அழுத்திச் சொல்கிறது.

பெண்கள் வாக்குரிமை: முதல் மாகாணம் மனிற்றோபா, 1916. மத்திய அரசுத் தேர்தலில் 1917ல் போர்முனைத் தாதிமாருக்கும், போரில் இருந்த ஆண்களின் உறவுப் பெண்களுக்கும். 1918ல் 21 வயதான எல்லாப் பெண்களுக்கும். முதல் பெண் எம்.பி. அக்னஸ் மக்ஃபெயில், 1921. கடைசியாகக் கியூபெக் மாகாணம், 1940.

ஜூன் 23

'எல்லாப் பெண்களுக்கும்' என்று நேற்று எழுதியது சரியில்லை. கையேட்டில் 'மோஸ்ட்', பெரும்பாலான, என்றுதான் இருக்கிறது, அந்தச் சொல் சும்மா போட்டதல்ல. ஆசிய வம்சாவளியினர் பலருக்கும் பூர்வகுடிகளுக்கும் அப்போது வாக்கு மறுக்கப்பட்டிருந்தது. ஆசியர்களில் கடைசியாக ஜப்பானியக் கனேடியருக்குக் கிடைத்தது 1948. பூர்வகுடிகளுக்கு 1960. 'எல்லா', 'மட்டும்', 'எப்போதும்' என்று வரும் சரி-பிழைக் கேள்விகளை இரண்டு தரம் வாசிக்கப் பழக்குங்கோ.

ஜூன் 26

தலைநகரங்கள். பெரிய நகரம் வேறு, தலைநகர் வேறு என்று வரும் இடங்களை மட்டும் உரக்கச் சொல்லவைத்தால் காணும். பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வன்கூவர் அல்ல, விக்டோரியா. அல்பேட்டாவுக்குக் கல்கரி அல்ல, எட்மண்டன். சஸ்காச்சுவானுக்கு சஸ்கட்டூன் அல்ல, ரெஜைனா. கியூபெக்குக்கு மொன்றியல் அல்ல, கியூபெக் சிற்றி. நியூ பிரன்சுவிக்கின் தலைநகர் ஃபிரெடரிக்டன். அங்கே சென் ஜோன் என்றொரு நகரம் உண்டு, நியூஃபவுண்ட்லாந்தின் தலைநகர் சென் ஜோன்ஸ். ஒரு 'ஸ்' தான் வித்தியாசம், கண்ணில் படாது. வடக்கில் யூக்கொனுக்கு வைட்ஹோர்ஸ், வடமேற்குக்கு யெலோநைஃப், நுனாவுட்டுக்கு இக்காலுயிற்.

ஜூலை 1

கனடா தினம். 1982 வரை இதற்கு டொமினியன் தினம் என்று பெயர். 'டொமினியன்' என்ற சொல்லை 1864ல் முன்வைத்தவர் நியூ பிரன்சுவிக்கின் லெனர்ட் ரில்லி, எடுத்த இடம் வேதாகமத்தின் 72ஆம் சங்கீதம். நாட்டின் இலச்சினையில் உள்ள 'கடல் முதல் கடல் வரை' என்ற லத்தீன் வாசகமும் அதே சங்கீதம்தான். தேவாலயத்துக்குப் போகிற வீடு என்றால் தமிழ் வேதாகமத்தை எடுத்து அந்த வரியைக் காட்டுங்கோ.

கொடி 1965. கீதம் முதலில் பாடப்பட்டது 1880ல் கியூபெக் சிற்றியில், தேசிய கீதமாக அறிவித்தது 1980ல். சரியாக நூறு வருடம், பிடிக்கச் சுகம். ஐந்து சதக் குற்றியில் இருக்கும் மிருகம் பீவர். கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வி முடிந்தது.

ஜூலை 5

அழைப்பு வந்துவிட்டது என்கிறீர்கள். நல்லது. இணையச் சோதனைக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் மூன்று தரம் வரை எழுதலாம். மூன்றும் தவறினால் அதிகாரி ஒருவர் விசாரணைக்குக் கூப்பிடுவார். அங்கே அறிவை வாயாலும் கேட்கலாம். ஆகையால் முதல் நாளே பாய்ந்து எழுத வேண்டாம். மின்னஞ்சலின் ஜங்க் பெட்டியையும் பார்த்து, கடைசித் திகதியைக் கலண்டரில் குறித்துவிட்டு, இரண்டு கிழமை எடுங்கோ.

கமரா உள்ள கணினி வேணும். தொடங்குமுன் முகத்தையும் அடையாள அட்டையையும் படம் எடுக்கும், எழுதும்போதும் இடைக்கிடை எடுக்கும். முகத்தில் வெளிச்சம் விழும்படி கதிரையைப் போடுங்கோ, யன்னலுக்கு முதுகு காட்டி இருந்தால் படம் இருட்டாக வரும். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் எண்ணம் இருந்தால் விடுங்கோ, அது அம்மாவின் விண்ணப்பத்தையே கெடுக்கும். கொப்பியும் தொலைபேசியும் அடுத்த அறையில். 20 கேள்விக்கு 45 நிமிடம் என்றால் ஒன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல். அவசரப்பட ஒரு காரணமும் இல்லை. முடிவு உடனே திரையில் வரும்.

கொப்பியில் மூன்று நிரல் போட்ட பகுதியின் கடைசிப் பக்கத்தைச் சத்தியப்பிரமாணத்துக்கு விட்டுவையுங்கோ. அது 2021ல் மாறி, பூர்வகுடிகளின் உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் யாப்பு அங்கீகரிக்கிறது என்ற வரி சேர்ந்தது. பழைய தொகுப்புகளில் அந்த வரி இராது. 14 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாரும் எடுக்கவேணும், தம்பி தங்கச்சி விண்ணப்பத்தில் இருந்தால் அவர்களும். 'ஏர்ஸ் அண்ட் சக்சசர்ஸ்' என்ற இடத்தில் நாக்கு தட்டும், 'ஹெயர்ஸ்' என்று ஹகரம் போட்டுச் சொல்லவேண்டாம், அந்த எழுத்து ஒலிக்காது.